வெனிஸின் முகமூடியும் எங்கள் மலையின் காமன் கூத்தும்

ஒவ்வொரு பெப்ரவரியிலும் வெனிஸ் நகரத்து முகமூடிப் படங்கள் நம்முடைய தொலைபேசிகளுக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. வெள்ளை முகமூடி, கறுப்பு மேலங்கி, பின்னால் கால்வாயும் படகும். நாமும் "மாஷா அல்லாஹ், என்ன வேலைப்பாடு" என்று ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போகிறோம். ஏறக்குறைய அதே நாட்களில் நமது மலைகளில், பாடசாலை விட்டதும் பிள்ளைகள் ஏறிப்போகிற அந்த லயன்களுக்கு நடுவே, இரவிரவாகத் தப்பு அடிபடுகிறது. ஆண்கள் முகத்தில் அரிதாரம் பூசி ரதியாகவும் மன்மதனாகவும் ஆடுகிறார்கள். அந்தப் படங்கள் நம் தொலைபேசிக்கு அவ்வளவாக வருவதில்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்று கொஞ்சம் வரலாறு பேசுவோம். பதிவு நீளம். தேநீரோடு உட்காருங்கள்.

முதலில் நாட்கணக்கு. கிறிஸ்தவர்களின் தவக்காலம் விபூதிப் புதனில் தொடங்குகிறது. அதற்கு முதல் நாள் செவ்வாயோடு கார்னிவல் முடிகிறது. இறைச்சியை விலக்குதல் என்ற பொருள் தரும் இலத்தீன் வழிச் சொல்லிலிருந்தே அந்தப் பெயர் வந்தது என்பார்கள். நோன்புக்கு முன் வயிறு நிறையச் சாப்பிட்டு ஆடித் தீர்த்துவிடுவது. உயிர்த்த ஞாயிறு பௌர்ணமியை வைத்துக் கணிக்கப்படுவதால், அதிலிருந்து 47 நாள் பின்னோக்கிப் போனால் அந்தச் செவ்வாய் எப்போதும் அமாவாசையை ஒட்டித்தான் விழும். காமன் கூத்தோ மாசி அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் தொடங்குகிறது. ஆகவே பெரும்பாலான வருடங்களில் வெனிஸ்காரர் முகமூடியைக் கழற்றும் வாரத்தில் நமது மலையில் அரிதாரம் குழைக்கிறார்கள். பிறை பார்த்து நோன்பு பிடிக்கிற நமக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. 2025இல் நமது ரமழானும், மார்ச் 5 விபூதிப் புதனும், மாசிப் பிறையும் ஒரே வாரத்துக்குள் வந்தன.

வெனிஸுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? சாதாரண தரத்தில் மறுமலர்ச்சி பாடம் எடுக்கும்போது பிள்ளைகளிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கடலில் கட்டைகளை அடித்து இறக்கி, அதன்மேல் கட்டிய ஊர் அது. வயல் இல்லை, மலை இல்லை. விடை நமது மாத்தளைத் தோட்டங்களில் இன்றும் கொடியேறி நிற்கிறது: மிளகு. அதோடு கறுவா. இந்து சமுத்திரத்துச் சரக்கை அரபு, மலபார் முஸ்லிம் வணிகர்கள் செங்கடல் வழியாக ஏற்றிச் சென்றார்கள். மம்லூக் சுல்தான்களின் அலெக்ஸாந்திரியாவில் வெனிஸ்காரர் அதை வாங்கி ஐரோப்பா முழுக்க விற்றார்கள். யாப்பகூவையிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு 1283இல் கெய்ரோவுக்குத் தூது அனுப்பியது இந்த வியாபாரத்துக்காகத்தான். பட்டு முகமூடிக்குச் சரிகை வைத்த காசில் நமது தீவின் பட்டை வாசமும் கொஞ்சம் இருந்தது என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

வெனிஸில் முகமூடி செய்வது பெரிய கைத்தொழில். 1436இலேயே அவர்களுக்குத் தனிச் சங்க விதிகள் எழுதப்பட்டன. பல வகை முகமூடிகளில் 'பவுத்தா' என்பது முக்கியமானது. மேலுதட்டுப் பகுதி முன்னே துருத்தி நிற்கும். அதனால் கழற்றாமலே சாப்பிடலாம், குடிக்கலாம்; குரலும் மாறிக் கேட்கும். அதை அணிந்தவர் பிரபுவா, அவருடைய வேலைக்காரனா என்று எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. எல்லோருக்கும் ஒரே வணக்கம்தான். 'மொரெத்தா' என்று இன்னொன்று, பெண்களுக்கானது. வட்டமான கறுப்பு முகமூடி. கட்டுவதற்கு நாடா இல்லை. உட்புறம் ஒரு பொத்தான் இருக்கும், அதைப் பல்லால் கடித்துப் பிடிக்க வேண்டும். அதாவது போட்டவள் பேச முடியாது. ஆணின் முகமூடி வாய்க்கு இடம் விட்டுச் செய்யப்பட்டது, பெண்ணின் முகமூடி வாயை அடைத்துச் செய்யப்பட்டது. இதைச் சொன்னதும் வகுப்பில் மாணவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

வெனிஸ் அரசு முகமூடியை விரும்பவும் செய்தது, பயப்படவும் செய்தது. 13ஆம் நூற்றாண்டிலிருந்தே தடைச் சட்டங்கள் வருகின்றன. முகமூடியோடு கன்னியர் மடத்துக்குள் போகக் கூடாது, ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, இன்ன நாட்களுக்கு வெளியே போடக் கூடாது. அதே அரசு 1638இல் தானே சூதாட்ட மாளிகை ஒன்றைத் திறந்து, பந்தயம் வைக்க வருகிறவர் முகமூடியோடு வரட்டும் என்றது! 1774இல்தான் அதை மூடினார்கள். ஆக, முகத்தை மறைப்பது நல்லதா கெட்டதா என்பதல்ல அங்கே கேள்வி. எந்த நாளில், எந்த இடத்தில், யாருடைய அனுமதியோடு என்பதுதான் கேள்வி.

1797இல் நெப்போலியனின் படைக்கு முன்னால் வெனிஸ் குடியரசு விழுந்தது. பின்னர் ஊர் ஆஸ்திரியாவின் கைக்குப் போனது. அந்நிய ஆட்சிக்கு முகம் தெரியாத கூட்டம் ஒத்துவராது. கார்னிவல் தேய்ந்து, வீட்டு விருந்தாகச் சுருங்கி, மறைந்தது. இன்று நாம் பார்க்கும் பெருவிழா 1979இல் மீண்டும் தொடங்கியது. இதைப் பலர் அறிவதில்லை. 800 வருடம் இடைவிடாது வந்த வழக்கம் என்று நினைக்கிறார்கள். இடையில் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு வெற்றிடம். இன்று முகமூடி போட்டுப் படத்துக்கு நிற்பவரில் பெரும்பங்கினர் வெளியூர்க்காரர். பார்க்கிறவரும் வெளியூர்க்காரர். 2020இல் கொவிட் வந்தபோது பெப்ரவரி 23ஆம் திகதி விழாவை இடைநடுவே நிறுத்தினார்கள். கப்பலை 40 நாள் ஒதுக்கி வைத்து, 'குவாரன்டைன்' என்ற சொல்லையே உலகுக்குத் தந்த ஊர் அது.

இனி நமது மலைக்கு வருவோம்.

1820களில் கோப்பித் தோட்டத்துக்கு ஆள் கொண்டுவரத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டிலிருந்து தோணியில் மன்னார்க் கரை இறங்கியவர்கள் காடு வழியே தெற்கு நோக்கி நடந்தார்கள். வாந்திபேதி, காய்ச்சல், பசி. வழியில் விழுந்தவர்களைப் புதைத்துவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். தம்புள்ளை, நாலந்தை தாண்டி அவர்கள் மலையைத் தொட்ட இடம் நமது மாத்தளை. அதனால்தான் 2023இல், மலையகம் 200 என்று நினைவுகூர்ந்தபோது, தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி மாத்தளையில் வந்து முடிந்தது. நகரத்து முத்துமாரியம்மன் கோயிலும் அந்த வருகையின் பிள்ளைதான். மாசி மகத்தில் அதன் ஐந்து தேர்கள் வீதிக்கு வரும்போது மூவினத்தாரும் கடை வாசலில் நின்று பார்ப்பது நமது ஊர் வழக்கம். 1983 ஜூலையில் அந்தக் கோயிலும் எரிக்கப்பட்டது என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

தேர் நகரத்துக்கு உரியது. காமன் கூத்து தோட்டத்துக்கு உரியது.

கதை கந்தபுராணத்தில் வருவது. சூரபத்மனின் கொடுமை தாங்காத தேவர்கள், தவத்தில் இருக்கும் சிவனைக் கலைக்க மன்மதனை அனுப்புகிறார்கள். ரதி தடுக்கிறாள். போகாதே என்று மன்றாடுகிறாள். அவன் போகிறான், மலர் அம்பு விடுகிறான், நெற்றிக்கண் திறந்து அவனை எரிக்கிறது. ரதி அழுகிறாள். அவள் கண்ணுக்கு மட்டும் தெரிவான் என்ற வரத்தோடு அவன் திரும்பக் கிடைக்கிறான். இது அவர்களுடைய நம்பிக்கை, நமது நம்பிக்கை வேறு. வரலாற்றைப் படிப்பதற்கு அது தடையில்லை.

கூத்துக்கென்று தோட்டத்தில் ஓர் இடம் இருக்கும். காமன் பொட்டல் என்பார்கள். பிறை கண்டபின் அங்கே ஆமணக்கு, கரும்பு, வைக்கோல் போன்றவற்றைச் சேர்த்துக் கட்டிக் கம்பம் ஊன்றுவார்கள். எதைச் சேர்ப்பது என்பது தோட்டத்துக்குத் தோட்டம் கொஞ்சம் மாறும். ரதியாகவும் மன்மதனாகவும் ஆடுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். ரதியும் ஆண்தான். பகலில் மலையில் வேலை, இரவில் அரிதாரம். தப்பு முன்னே போக, ஆட்டம் லயத்துக்கு லயம் போகும். ரதி மதன் திருமணம் நடக்கும், ஓலை கொண்டு தூதன் வருவான், வீரபத்திரன் வருவான், கோமாளி எல்லாவற்றுக்கும் நடுவே புகுந்து வருவான். பௌர்ணமி இரவில் காமன் எரிப்பு. வீரபத்திரன் ஆவேசமாக வரும்போது தப்பின் அடி மாறும். சின்னப் பிள்ளைகள் தாய்மாரின் முந்தானைக்குள் போய்விடுவார்கள். பிறகு ரதியின் புலம்பல். அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் அழுவது நடிப்புக்காக அல்ல. வாலிப வயதில் கணவனைப் புதைத்த பெண் இல்லாத லயம் அந்தக் காலத்தில் எங்கே இருந்தது? ரதி பாடும் ஒப்பாரி அவர்களுடைய வீட்டு ஒப்பாரியின் மெட்டிலேயே இருந்தது. மூன்றாம் நாள் உயிர்ப்பித்தல்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் இதே கதையை வைத்து, மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியும் விடிய விடிய லாவணிப் பாட்டில் வாதாடுவார்கள். அதுவும் ஒரு அழகு. ஆனால் மலையகத்தில் வாதத்துக்கு இடமில்லாமல் எரிப்பும் அழுகையுமே பெரிதாக வளர்ந்தன. ஊரை விட்டு வந்தவர்களுக்கு எது தேவைப்பட்டதோ அது வளர்ந்தது என்றே நாம் நினைக்கிறோம்.

அந்த மனிதர்களுடைய மற்ற நாட்களை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் பெரட்டு. பெயர்ப் பட்டியலில் ஒரு பெயர். கங்காணியிடம் பட்ட கடன் தீராமல் 'துண்டு' கிடைக்காது. துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது. அப்படிப்பட்ட ஒருவர் வருடத்தில் இரண்டு வாரம் இரவில் மன்மதனாக இருக்கிறார். அவருடைய காலில் விழுந்து கும்பிடுகிறார்கள். அவருக்குத் தட்டில் வெற்றிலை பாக்கும் காணிக்கையும் வருகிறது. வெனிஸின் பவுத்தா பிரபுவை யாரென்று தெரியாதவனாக்கியது. இந்த அரிதாரம் யாரென்று கணக்கில் இல்லாதவரைத் தெய்வமாக்கியது. இரண்டாவதுதான் கடினமான வித்தை என்பது எங்கள் அபிப்பிராயம். பட்டும் சரிகையும் இல்லாமல், மஞ்சளும் முத்து வெள்ளையும் கரியும் வைத்துக்கொண்டு செய்கிற வித்தை.

கங்காணியையும் துரையையும் கேலி செய்யும் மலையக நாட்டார் பாடல்கள் எத்தனையோ உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்தவர். நமது மாத்தளை வடிவேலன் மலையகப் பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதியவர். இவர்கள் எழுதாவிட்டால் நமக்கு இவ்வளவும் தெரிந்திருக்காது.

கூத்துக்கும் அனுமதி வேண்டியிருந்தது. தோட்டத்தில் துரைக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. ஆட்டம் முடிந்த மறுநாள் காலையும் பெரட்டுக்கு நிற்க வேண்டும் என்ற வரைக்கும் துரைமாருக்கு அது தொல்லையாகத் தெரியவில்லை. எல்லாத் தோட்டக் காலனியிலும் அப்படி இருக்கவில்லை. டிரினிடாடைப் பாருங்கள். அங்கே விடுதலை பெற்ற ஆபிரிக்க அடிமைகளின் பிள்ளைகள் கார்னிவலைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். தீப்பந்தமும் மேளமும் தடியாட்டமுமாக இரவு ஊர்வலம். 1881இல் போர்ட் ஒஃப் ஸ்பெயின் நகரில் பொலிஸ் அதை அடக்கப் போய்ப் பெரிய மோதலானது. அடுத்து வந்த வருடங்களில் மேளத்தையே சட்டத்தால் நிறுத்தினார்கள். ஜனங்கள் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தி அதில் தாளம் எடுத்தார்கள்.

அதே தீவில், இந்தியாவிலிருந்து கரும்புக்குக் கொண்டுபோகப்பட்ட ஒப்பந்தக் கூலிகள் முஹர்ரம் ஊர்வலம் நடத்தினார்கள். அதற்கு 'ஹோசே' என்று பெயர். இலங்கை முஸ்லிம்களாகிய நமக்குத் தஜியா ஊர்வலம் வழக்கமில்லை. ஆனால் தக்காணத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் முஹர்ரம் பெரிய வேடக் கொண்டாட்டமாக இருந்தது. புலிவேடம் போட்டவர்களில் இந்துக்களும் இருந்தார்கள். ஜாபர் ஷரீப் எழுதி, ஹெர்க்லாட்ஸ் என்ற மருத்துவர் 1832இல் லண்டனில் வெளியிட்ட 'கானூனே இஸ்லாம்' நூலில் அந்த வேடங்கள் நீளமாகப் பட்டியலாகின்றன. டிரினிடாடிலும் தஜியாவைத் தூக்கியவர்களில் இந்துத் தொழிலாளரே அதிகம். தோட்டத்துக்குத் தோட்டம் பிரிந்து கிடந்தவர்கள் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வருவதுதான் ஆட்சிக்குப் பயம். ஊர்வலம் நகரத்துக்குள் வரக் கூடாது என்று உத்தரவிட்டார்கள். 1884 ஒக்டோபர் 30ஆம் திகதி சான் பெர்னாண்டோ எல்லையில் ஊர்வலத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் இறந்தார்கள், அதைவிடப் பலர் காயப்பட்டார்கள். முஸ்லிம் துக்க நாளில் இறந்த இந்துக் கூலிகளின் கதை அது. நமது பாடப்புத்தகத்தில் இல்லை.

முகத்தையும் சட்டத்தையும் பற்றி நமது சொந்த நாட்டில் நாம் கண்டதும் உண்டு. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பிறகு, 29ஆம் திகதி முதல் முகத்தை மூடுவது அவசரகாலச் சட்டத்தின் கீழ்த் தடையானது. ஓகஸ்டில் அவசரகாலம் முடியும்வரை அது இருந்தது. 2020 ஒக்டோபரில் பொது இடத்தில் முகத்தை மூடாமல் வருவது குற்றம் என்று வர்த்தமானி வந்தது. ஒன்றரை வருட இடைவெளி, ஒரே முகம். இரண்டு உத்தரவுக்கும் காரணங்கள் இருந்தன. எது சரி எது பிழை என்று பேச இந்தப் பதிவு போதாது. வெனிஸின் சட்டங்களை வாசிக்கும்போது அவை நமக்கு ஏன் அந்நியமாகத் தோன்றவில்லை என்பதைச் சொல்லவே இதை எழுதினோம்.

காமன் கூத்தை யாரும் சட்டம் போட்டுத் தடுக்கவில்லை. அதற்கு நேர்ந்தது வேறு. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கியது. கணக்கில் அது தலைகளின் எண்ணிக்கை. தோட்டத்தில் அது தப்பு அடிப்பவர், பாட்டு எடுத்துக் கொடுக்கிற வாத்தியார், பத்து வருடம் ரதி ஆடியவர். ஒரு கூத்து முழுசாக ஆட இருபது முப்பது பேர் வேண்டும். அதில் ஐந்து பேர் தலைமன்னார் ரயிலில் ஏறிவிட்டால் அந்தத் தோட்டத்தில் அடுத்த மாசி எப்படி நடக்கும்? பிறகு 1977, 1983. மிச்சம் இருந்தவர்களும் இடம் பெயர்ந்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு அது இன்னும் ஆடப்படுகிறது என்பதுதான் ஆச்சரியம். வெனிஸைப் போல இரண்டு நூற்றாண்டு தூங்கி எழவில்லை. நுழைவுச் சீட்டு இல்லை, சுற்றுலாத் துறை இல்லை. ஆனால் பல இடங்களில் சுருங்கிவிட்டது. பதினைந்து இரவும் ஆடிய பொட்டலில் கடைசி இரண்டு மூன்று இரவு மட்டும் ஆடுகிறார்கள். மன்மதனுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. காரணம் ஆர்வமின்மை என்று சிலர் சுலபமாகச் சொல்வார்கள். வகுப்பில் பார்க்கிற நமக்கு அப்படித் தோன்றவில்லை. தப்பின் அடியை மேசையில் தட்டிக் காட்டுகிற பையன்களைப் பின்வரிசையில் எத்தனை தடவை அதட்டியிருக்கிறோம்! அவர்கள் சாதாரண தரத்தோடு கொழும்புக்குப் போகிறார்கள். புறக்கோட்டையில் துணிக்கடை, இரும்புக்கடை, சாப்பாட்டுக்கடை. அங்கே தீபாவளிக்கு லீவு உண்டு, பொங்கலுக்கு உண்டு. மாசிக்கு இல்லை. கேட்டால் "அது என்ன பெருநாள்?" என்கிறார்கள்.

அந்தக் கடைகளில் பல நம்மவர்களுடையவை. துரை கொடுத்த அனுமதி இப்போது நம்மிடம் வந்திருக்கிறது. இந்தப் பதிவை வாசிக்கும் முதலாளிமார் இருந்தால், கடையில் மலையகத்துப் பையன் இருந்தால், மாசி அமாவாசை எப்போது என்று இப்போதே கலண்டரில் பார்த்து வையுங்கள். அவனிடம் ஒரு தடவை கேளுங்கள்: உங்கள் தோட்டத்தில் ஆடுகிறார்களா, நீ என்ன வேடம்? பௌர்ணமியோடு சேர்த்து மூன்று நாள் லீவு கொடுத்தால் எரிப்பும் பார்ப்பான், உயிர்ப்பித்தலும் பார்த்துவிட்டு வருவான். போயா தினம் எப்படியும் விடுமுறைதான். கணக்குப் பார்த்தால் இரண்டு நாள்தான் மேலதிகம்.

தோட்டத்து உறவுகளுக்கும் ஒன்று. கூத்து வாத்தியாரிடம் பாட்டுக் கொப்பி இருந்தால், பழைய ஒற்றை றூள் கொப்பியாக இருந்தாலும், ஒவ்வொரு பக்கமாக ஒளிப்படம் எடுத்து வையுங்கள். அவர் பாடுவதையும் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். பக்கம் விட்டுப்போனால் அவரையே கேளுங்கள், இப்போதே.